டெலிவரி பசங்களுக்கு வாரியம் இருக்கு, சட்டம் எங்க?

வடபழனி_ரைடர்

கர்நாடகாவுல கிக் ஒர்க்கர் (எங்கள மாதிரி ஆப் மூலமா வேலை பாக்கறவங்க) சட்டம் 2025 மே மாசம் அவசரச் சட்டமா வந்து ஆகஸ்ட்ல சட்டசபையிலயும் பாஸ் ஆயிருச்சு. ஜார்க்கண்ட்லயும் அதே ஆகஸ்ட்ல மசோதா பாஸ். தெலங்கானாவுல டிராஃப்ட் போட்டு மக்கள்ட்ட கருத்து கேட்டாங்க. ராஜஸ்தான் 2023லயே நாட்டுக்கு முதல்ல பண்ணுச்சு. நம்ம தமிழ்நாட்டுல கேட்டா கிக் தொழிலாளர் நல வாரியம் இருக்கேன்னு சொல்றாங்க. ஆமா இருக்கு, 2023 சுதந்திர தினத்துக்கு கோட்டையில முதல்வர் அறிவிச்சாரு, அந்த வருஷ கடைசியில அமைச்சாங்க, நானும் பதிஞ்சு கார்டு வாங்கி வெச்சிருக்கேன். இ-ஸ்கூட்டர் வாங்க 2,000 பேருக்கு ஆளுக்கு 20,000 ரூபாய் மானியம்னு 2025 பட்ஜெட்ல சொன்னாங்க, ஒன்றரை லட்சம் பேருக்கு குரூப் இன்சூரன்ஸ்னும் சொன்னாங்க. அண்ணா நகர்லயும் தி. நகர்லயும் மாநகராட்சி ஏசி ரெஸ்ட் ரூம் கட்டிருக்கு, நானே போய் உக்காந்திருக்கேன், பாத்ரூம் சுத்தமா இருக்கு, சார்ஜ் போடலாம். குறை சொல்லல.

ஆனா எங்க பிரச்சனை இது எதுலயும் இல்லயே. எங்கூட ஓட்டற பையன் ஒருத்தன், ஒரு அபார்ட்மென்ட்ல கஸ்டமரே சாட்ல "செக்யூரிட்டிகிட்ட குடுத்துருங்க"ன்னு போட்டாங்க, குடுத்துட்டு போட்டோவும் எடுத்துட்டான். அப்புறம் அந்த கஸ்டமர் சாப்பாடு வரலன்னு கம்ப்ளெயின்ட். மறுநாள் காலைல லாகின் பண்ணா ஐடி பிளாக். சப்போர்ட்ல போட்டா முதல்ல பாட் பேசுது, அப்புறம் "உங்கள் கோரிக்கை பரிசீலிக்கப்பட்டது, முடிவு இறுதியானது"ன்னு ஒரு மெசேஜ், டிக்கெட் க்ளோஸ். போட்டோவ அனுப்ப இடமே இல்ல. ஹப்புக்கு நேர்ல போனா டீம் லீடர் "மேலேர்ந்து வந்தது தம்பி, என் கையில இல்ல"ங்கறாரு. அந்த மேல யாரு இருக்காங்கன்னு அவருக்கே தெரியாது. வண்டி இஎம்ஐ மட்டும் அதே தேதிக்கு கரெக்டா வந்து நிக்குது.

வாரியத்துல இதுக்கு ஒரு கவுன்டர் இருக்கா? இல்ல. சட்டம் வந்தாதான் இருக்கும். இதப் பத்தி பேசலாம்னுதான் இந்த இழை.

கோவை_கணக்கன்

அண்ணா உங்க கஷ்டம் புரியுதுங்க, ஆனா நானும் ஒரு சின்ன பிசினஸ் பண்றவன், அந்தப் பக்கத்துலருந்து ஒண்ணு கேக்கறேன் கோச்சுக்காதீங்க. அந்தச் சட்டத்துல வர்ற மாதிரி நல நிதிக்குன்னு கம்பெனி மேல செஸ் (ஒரு கட்டணம்) போட்டா அவன் சொந்தக் காசுலயா கட்டுவான்? பில்லுல ஒரு லைன் சேத்து கஸ்டமர் தலையில கட்டிருவானுங்க. ஏற்கனவே பிளாட்ஃபார்ம் ஃபீஸ், ஹேண்ட்லிங் ஃபீஸ், மழை ஃபீஸ்னு போட்டு தாளிக்கறானுங்க. ஆர்டர் கொறஞ்சா அடி வாங்கறது யாரு, நீங்கதானுங்க. சட்டம் போட்டா எல்லாம் சரியாயிரும்னா நம்ம நாட்டுல இருக்கற சட்டத்துக்கு நாம எப்பவோ சுவிட்சர்லாந்து ஆயிருக்கணும்.

வடபழனி_ரைடர்

@கோவை_கணக்கன் கோச்சுக்க என்ன இருக்கு, கணக்காவே போடுவோம். கர்நாடகா சட்டத்துல ஃபீஸ் பில் தொகை மேல இல்ல, ஒரு ஆர்டருக்கு ரைடருக்கு என்ன குடுக்கறாங்களோ அது மேல, 1 சதவீதத்துலேர்ந்து 5 சதவீதம் வரைக்கும். எனக்கு ஒரு ஆர்டருக்கு 40 ரூபாய் வருதுன்னு வைங்க, 1 சதவீதம்னா 40 பைசா. மேக்ஸிமம் 5 போட்டாலும் ரெண்டே ரூபாய். அத கஸ்டமர் தலையில கட்டுனா கூட, மழை ஃபீஸுக்கு குடுக்கறத விட கம்மிதான். அந்த மழை ஃபீஸ் முழுசா எங்களுக்கு வருதுன்னு நெனச்சுட்டு இருக்காங்க பாருங்க நெறைய பேரு, அவங்களுக்கு ஒரு கும்பிடு.

இதுல இன்னொண்ணு, எனக்கு செஸ் ரெண்டாம் பட்சம். 40 பைசாவுக்காக நான் இழை போடல.

சும்மா_படிப்பேன்

புடிக்கலன்னா வேற வேலைக்கு போங்க ப்ரோ. யாரும் கழுத்துல கத்தி வெக்கலயே. பார்ட் டைம் பாக்கற வேலைக்கு பர்மனென்ட் உரிமை கேட்டா எப்படி.

மதுரை_மெஸ்

@சும்மா_படிப்பேன் நீ சும்மா படிச்சுட்டே இருப்பா. என் கடை வாசல்ல காலைல பதினோரு மணிக்கு நிக்கிற அதே முகம் ராத்திரி பதினோரு மணிக்கும் நிக்குது. பார்ட் டைமாம்.

நான் மெஸ் வச்சிருக்கேன், ஆன்லைன்லயும் குடுக்கறேன், இந்த விஷயத்துல எங்க பக்கத்தையும் சொல்லிடறேன், ஏன்னா ரைடர் பசங்களும் எங்களும் டெய்லி சண்டை போடறத பாத்துட்டு ஹோட்டல்காரய்ங்க எல்லாம் மோசம்னு நெனைக்கிறாய்ங்க. ஆர்டர் வந்தா எங்க டேப்லெட்ல டைமர் ஓட ஆரம்பிச்சுரும். பன்னெண்டு நிமிசம்னு காட்டும், மதியம் ஒரு மணிக்கு கறி தோசை மூணு சேந்தாப்ல வந்தா கல்லு எடுக்கிற நேரமே அதுக்கு மேல ஆகும். லேட்டானா எங்க கடை லிஸ்ட்ல கீழ போயிரும், ஒரு தடவ கீழ போனா அந்த வாரம் முழுக்க ஆர்டர் படுத்துரும். அதனால ஊருக்குள்ள பாதிக் கடையில என்ன பண்றாய்ங்கன்னா, தோசை கல்லுல இருக்கும்போதே "ஃபுட் ரெடி"ய தட்டி விட்டுர்றாய்ங்க. அத நம்பி ரைடர் அடிச்சுப் பிடிச்சு வர்றான், வந்து கால் மணி நேரம் நிக்கிறான், அந்த நேரத்துக்கு அவனுக்கு காசு கெடையாது, அவன் டைமர் அது பாட்டுக்கு ஓடுது. அவன் எங்கள திட்றான், நாங்க அவன திட்றோம். டைமர் வச்சவன் ஆபீஸ்ல ஏசியில இருக்கான், அவன யாரு திட்றது?

சட்டம் போடறதுன்னா இந்த வெயிட்டிங்குக்கு ஒரு ரேட் போடச் சொல்லுங்கப்பா. மத்தது தன்னால சரியாகும். காசு அவன் பையிலேர்ந்து போகுதுன்னா பன்னெண்டு நிமிசம்னு போடறத இருபதுன்னு மாத்திருவான்.

வடபழனி_ரைடர்

@மதுரை_மெஸ் அண்ணே இத்தன வருஷமா ஓட்றேன், அந்த ஃபுட் ரெடி கத இப்பதான் மறுபக்கத்துலேர்ந்து கேக்கறேன். நாங்க வேணும்னே நிக்க வெக்கிறீங்கன்னு நெனப்போம்.

தம்புச்செட்டி_வக்கீல்

தொழிலாளர் வழக்குகள் பாக்கறேன், கொஞ்சம் சட்டப் பக்கம் சொல்றேன், நீளமா இருக்கும் பொறுத்துக்கங்க.

முதல்ல மத்திய சட்டம். 2020ல பாஸ் பண்ண சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21லேர்ந்து அமலுக்கு வந்துருச்சு. கிக் தொழிலாளி, பிளாட்ஃபார்ம் தொழிலாளின்னு இந்தியச் சட்டத்துல முதல் தடவையா வரையறை வந்தது அதுலதான். ஆனா அந்த வரையறையே "வழக்கமான முதலாளி தொழிலாளி உறவுக்கு வெளிய" வேலை பாக்கறவர்னுதான் ஆரம்பிக்குது. அந்த ஒரு வரியில எல்லாம் அடங்கிருச்சு. உறவுக்கு வெளியன்னா குறைந்தபட்ச கூலி கேக்க முடியாது, ஓவர்டைம் கேக்க முடியாது, வேலைய விட்டு தூக்கினா லேபர் கோர்ட்டுக்கு போறதுக்கே முதல்ல "நான் தொழிலாளிதான்"னு நிரூபிக்கணும், அதுக்கே வருஷக்கணக்கா ஆகும். பதிலுக்கு என்ன குடுக்கறாங்கன்னா கம்பெனி தன்னோட வருஷ டர்ன்ஓவர்ல 1லேர்ந்து 2 சதவீதம் ஒரு நிதிக்கு கட்டணும், அதுவும் இந்தத் தொழிலாளிகளுக்கு குடுக்கற தொகையில 5 சதவீதத்தை தாண்டக்கூடாது. அந்தக் காசுல ஆயுள் காப்பீடு, விபத்துக் காப்பீடு, மருத்துவம், பிரசவம், முதியோர் பாதுகாப்பு இதுக்கெல்லாம் திட்டம் போடலாம். போடலாம்னு தான் இருக்கு. கூடவே யாருக்கு கிடைக்கும்ங்கறதுக்கு டிராஃப்ட் ரூல்ஸ்ல ஒரே கம்பெனின்னா வருஷத்துக்கு 90 நாள், பல கம்பெனின்னா 120 நாள் வேலை பாத்திருக்கணும்னு போட்டாங்க.

இப்ப கர்நாடகாவுக்கு வாங்க. அங்கயும் உங்கள ஊழியர்னு சொல்லல, அத நல்லா புரிஞ்சுக்கங்க. குறைந்தபட்ச கூலியும் அங்க இல்ல. ஆனா நலநிதிக்கு மேல மூணு நாலு விஷயம் இருக்கு: எழுத்துப்பூர்வமா காரணம் சொல்லாம, 14 நாள் முன்னறிவிப்பு இல்லாம வேலைய விட்டு எடுக்கக்கூடாது. ஒப்பந்த நிபந்தனைய மாத்தணும்னாலும் 14 நாள் முன்னாடி சொல்லணும். ரேட்டிங், வேலை ஒதுக்கறது, வருமானம் இதையெல்லாம் தானியங்கி முறையில முடிவு பண்றாங்கன்னா அது எப்படி நடக்குதுன்னு கேக்க தொழிலாளிக்கு உரிமை உண்டு. குறைதீர்ப்புக்கு ஆள் இருக்கணும். மத்திய சட்டத்துல இது எதுவுமே கிடையாது. இழை போட்டவரோட நண்பர் கேஸ்ல அவருக்கு உதவி இருக்கக்கூடியது அந்த 14 நாளும் அந்த எழுத்துப்பூர்வ காரணமும்தான், காப்பீடு இல்ல.

சும்மா_படிப்பேன்

மத்திய சட்டம் வந்தப்புறம் மாநிலம் தனியா போட்டா செல்லுமா? கோர்ட்ல அடிச்சுருவாங்கல்ல.

தம்புச்செட்டி_வக்கீல்

@சும்மா_படிப்பேன் நல்ல கேள்வி. தொழிலாளர் நலனும் சமூகப் பாதுகாப்பும் அரசியலமைப்போட பொதுப்பட்டியல்ல இருக்கு, 22, 23, 24வது பதிவுகள். ரெண்டு பேரும் சட்டம் போடலாம். முரண்பாடு வந்தா அந்த அளவுக்கு மத்திய சட்டம் நிக்கும், குடியரசுத் தலைவர் ஒப்புதல் வாங்கியிருந்தா மாநிலத்துல மாநிலச் சட்டம் நிக்கும், 254வது பிரிவு. நிதி வசூல்ல ரெண்டு தடவ வாங்கறாங்கன்னு கம்பெனிங்க வாதாட வாய்ப்பு இருக்கு, அங்க எச்சரிக்கையா எழுதணும். ஆனா முன்னறிவிப்பு, காரணம், விசாரணை இதுல மத்திய சட்டம் வாயே தொறக்கல, அதனால அங்க முரண்பாடுன்னு சொல்றது கஷ்டம். என் கருத்து, மாநிலம் தைரியமா இறங்க வேண்டிய இடமே இதுதான். ஆனா நம்ம ஊர்ல தலைகீழா காசு குடுக்கற பக்கம் மட்டும் வேகமா போறோம், உரிமை பக்கம் யாரும் கை வெக்கறதில்ல.

வேளச்சேரி_பார்லர்

எல்லாரும் டெலிவரி பத்தியே பேசறீங்க, நாங்களும் இதுல வர்றோம் அண்ணா. வீட்டுக்கு போய் ஃபேஷியல், வேக்ஸிங் பண்ற வேலை எனக்கு, ஆப் மூலமா. ஸ்கூட்டில பெரிய பை, மடக்கற பெட்டு, வேக்ஸ் ஹீட்டர் எல்லாம் தூக்கிட்டு நாலு மாடி ஏறணும், லிஃப்ட் இருந்தாலும் சில அபார்ட்மென்ட்ல சர்வீஸ் லிஃப்ட்ல தான் போகணும்னு சொல்வாங்க. கிரீம், வேக்ஸ் எல்லாம் கம்பெனிகிட்டதான் வாங்கணும், வெளிய அதே பிராண்டு கம்மி வெலைக்கு கிடைச்சாலும் வாங்கக்கூடாது. கமிஷன் போக, பொருள் காசு போக, பெட்ரோல் போக கைல நிக்கிறது தனி கத.

ரேட்டிங்தான் எங்க உயிர். ஒரு அளவுக்கு கீழ போனா லீட் (புது புக்கிங்) வராது, இன்னும் கீழ போனா ஐடி போயிரும். ஒரு வீட்டுல அந்தம்மா புருஷன் வேலை நடக்கற ரூமுக்குள்ளயே சும்மா சும்மா வந்துட்டு போனாரு, நான் கதவ சாத்த சொன்னேன், அதுக்கு ஒரு ஸ்டார். யார்ட்ட போய் சொல்றது? எழுத இடம் இருக்கு, படிக்க ஆள் இல்ல. பாதியில கிளம்பி வந்தா கேன்சலேஷன் கணக்குல ஏறும், அதுக்கும் பெனால்டி. அதனால பல்ல கடிச்சுட்டு முடிச்சுட்டு வர்றோம். பீரியட்ஸ் டைம்ல லீவு போட்டா வார இறுதி ஸ்லாட் மிஸ் ஆகுதுன்னு மாத்திரை போட்டுட்டு போறவங்க இருக்காங்க.

வக்கீல் சார் சொன்ன அந்த காரணம் கேக்கற உரிமை, அதுல ரேட்டிங்கும் வருமா? யாரு ஒரு ஸ்டார் போட்டாங்க, ஏன் போட்டாங்கன்னு சொல்வாங்களா?

தம்புச்செட்டி_வக்கீல்

@வேளச்சேரி_பார்லர் வாடிக்கையாளர் பேர வெளிய சொல்ல மாட்டாங்கம்மா, சொல்றதும் சரியில்ல. ஆனா ரேட்டிங் எப்படி கணக்காகுது, எந்த அளவுக்கு கீழ போனா என்ன நடக்கும்ங்கறத உங்களுக்கு புரியற மொழியில சொல்லணும்ங்கறது கர்நாடகா சட்டத்தோட போக்கு. நீங்க சொல்ற மாதிரி சம்பவத்துல அந்த ஒரு ஸ்டார கணக்குலேர்ந்து எடுக்கச் சொல்லி முறையிட ஒரு வழி வேணும், அதுவும் பாதுகாப்பு காரணத்துக்காக பாதியில கிளம்பினா பெனால்டி கூடாதுன்னு நேரடியா ஒரு பிரிவு வேணும். எந்த மாநிலமும் இத உடைச்சு எழுதின மாதிரி எனக்கு தெரியல. தமிழ்நாட்டு மசோதான்னு ஒண்ணு வந்தா அதுல வர வேண்டியது இதெல்லாம்.

ஃபில்டர்காபி_ப்ரியா

ஒரு கஸ்டமரா எனக்கு ஒரு பயம் இருக்கு, தப்பா எடுத்துக்காதீங்க. 14 நாள் நோட்டீஸ்ங்கறீங்க. ஒரு ரைடர் வீட்டு வாசல்ல அசிங்கமா நடந்துக்கறார்னு வைங்க, அல்லது என் நம்பருக்கு அப்புறமா மெசேஜ் பண்றார். அவர் அந்த 14 நாளும் ஏரியாவுல டெலிவரி பண்ணிட்டு இருப்பாரா?

வடபழனி_ரைடர்

@ஃபில்டர்காபி_ப்ரியா தப்பே இல்ல மேடம். அந்த மாதிரி ஆள உடனே நிறுத்தணும், எங்க பேரும் சேத்துதான் கெடுது.

தம்புச்செட்டி_வக்கீல்

இதுக்கு புதுசா எதுவும் கண்டுபிடிக்க வேணாம். ஃபேக்டரில ஒருத்தர் மேல பெரிய புகார் வந்தா சஸ்பெண்ட் பண்ணி வெச்சுட்டு விசாரிப்பாங்க. விசாரணை முடியற வரைக்கும் முதல் 90 நாளுக்கு பாதி சம்பளம், தாமதத்துக்கு தொழிலாளி காரணம் இல்லன்னா அதுக்கப்புறம் முக்கால் சம்பளம், 1946 நிலையாணைச் சட்டத்துல இருந்த ஏற்பாடு இது. அதே மாதிரி பாதுகாப்பு சம்பந்தப்பட்ட புகார்னா உடனே ஐடிய நிறுத்தி வெக்கலாம், ஆனா குறிப்பிட்ட நாளுக்குள்ள ஒரு மனுஷன் ரெண்டு பக்கமும் கேட்டு முடிவு சொல்லணும், புகார் பொய்யின்னா நிறுத்தி வெச்ச நாளுக்கு சராசரி வருமானத்துல பாதியாவது குடுக்கணும். அவ்ளோதான். நிறுத்தி வெக்கறது வேற, கேக்காம கணக்க முடிக்கறது வேற.

பழைய_யூனியன்

தோழர்களே, நான் கட்டடத் தொழிலாளர் சங்கத்துல ரொம்ப காலம் இருந்தவன். வாரியத்த லேசா பேசாதீங்க, அது சும்மா வந்ததில்ல. தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் 1982ல வந்துச்சு, ஆனா கட்டடத் தொழிலாளர் வாரியம் அந்தச் சட்டத்துக்கு கீழ வர 1994 ஆச்சு. பன்னெண்டு வருஷம் சட்டம் இருந்தும் வாரியம் இல்ல. ஊர்வலம், மறியல், சிறைன்னு போராடிதான் வாங்கினோம். இன்னிக்கு கொத்தனார் வீட்டுப் பொண்ணு காலேஜ் ஃபீஸுக்கு உதவித்தொகை வாங்குதுன்னா அது அந்த வாரியத்தால.

அதுக்கு காசு எங்கேர்ந்து வருது தெரியுமா? நீங்க வீடு கட்ட பிளான் அப்ரூவல் வாங்கும்போதே கட்டடச் செலவுல 1 சதவீதம் தொழிலாளர் நல நிதிக்கு கட்டணும். கட்டலன்னா அப்ரூவல் நகராது. அரசு மனசு வெச்சு ஒதுக்கற காசு இல்ல அது, சட்டப்படி வர்ற காசு. கிக் தொழிலாளர் வாரியமும் அதே 1982 சட்டத்துக்கு கீழதான் போட்டிருக்காங்க, ஆனா ஆர்டருக்கு இவ்ளோன்னு தானா வந்து விழற ஏற்பாடு இதுக்கு இல்ல. ஒவ்வொரு பட்ஜெட்டுக்கும் அரசாங்கத்தோட முகத்த பாக்கணும். ஸ்கூட்டர் மானியம் இந்த வருஷம் இருக்கும், அடுத்த வருஷம் இருக்குமா? அதனால செஸ் ரெண்டாம் பட்சம்னு சொல்லாதீங்க தம்பி, அந்த 40 பைசா கோடிக்கணக்கான ஆர்டர்ல என்னாகும்னு யோசிங்க.

இன்னொண்ணு சொல்றேன், இது இளைஞர்களுக்கு தெரியாது. ஒருத்தனுக்கு நெலையான முதலாளி இல்ல, இன்னிக்கு இங்க நாளைக்கு அங்கன்னு வேலை, அப்ப உரிமை எப்படி குடுக்கறதுன்னு இப்பதான் புதுசா கேள்வி வந்த மாதிரி பேசறாங்க. மகாராஷ்டிராவுல 1969லயே மூட்டை தூக்கற மாத்தாடி தொழிலாளிக்கு சட்டம் போட்டாங்க. அவனும் காலைல ஒரு கடை, மத்தியானம் ஒரு கடைன்னு தூக்கறவன்தான். அங்க வாரியத்துல கடைக்காரரும் பதியணும், தொழிலாளியும் பதியணும். கூலிய வாரியத்துல கட்டணும், கூடவே நலனுக்குன்னு லெவி, அதாவது ஒரு கூடுதல் தொகை கட்டணும், வாரியம் தொழிலாளிக்கு கூலிய குடுத்து பி.எஃப்., கிராஜுவிட்டி, போனஸ் எல்லாம் அந்த லெவிலேர்ந்து பாத்துக்கும். கம்ப்யூட்டர் இல்லாத காலத்துல பேரேடு வெச்சு பண்ணாங்க. இன்னிக்கு ஒவ்வொரு ஆர்டரும் செகண்டு கணக்கா பதிவாகுது, எவன் எத்தன கிலோமீட்டர் போனான்னு கம்பெனிக்கு தெரியும், ஆனா உரிமைன்னு வந்தா மட்டும் "கணக்கிட முடியாது"ன்னு சொல்றான்.

நம்ம 1982 சட்டத்துலயும் வேலை நிலைமைய ஒழுங்குபடுத்த அதிகாரம் இருக்கு. நாமதான் அத கல்யாண உதவி, படிப்பு உதவி, மரண உதவியோட நிறுத்திட்டோம்.

கோவை_கணக்கன்

@பழைய_யூனியன் ஐயா மரியாதையோட சொல்றேன், கட்டட வாரியத்துல பதியறதுக்கு புரோக்கருக்கு காசு குடுத்தவங்க எங்க ஊர்ல இருக்காங்க. உண்மையா சித்தாள் வேலை செய்யற அம்மாவுக்கு கார்டு இருக்காது, ஏரியா கட்சிக்காரர் வீட்டுல ரெண்டு கார்டு இருக்கும். கிக் வாரியமும் அப்படி ஆகாதுன்னு என்னங்க உத்தரவாதம்?

பழைய_யூனியன்

@கோவை_கணக்கன் நடந்தது உண்மை, இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா இங்க ஒரு வசதி இருக்கு, யார் வேலை செஞ்சாங்கன்னு மேஸ்திரி கையெழுத்து தேவையில்ல. கம்பெனியே தன்கிட்ட இருக்கற ஆள் பட்டியல வாரியத்துக்கு குடுக்கணும்னு கட்டாயம் பண்ணா போதும். கர்நாடகா, ராஜஸ்தான் ரெண்டுலயும் அந்தப் பொறுப்பு கம்பெனி மேலதான். நம்மளது தொழிலாளி தானா போய் ஆதார், பேங்க் பாஸ்புக் எல்லாம் வெச்சு பதியணும், லீவு போட்டுட்டு எவன் போவான்.

ஒயிட்ஃபீல்டு_தமிழன்

பெங்களூர்லேர்ந்து எழுதறேன். கர்நாடகாவ சொர்க்கம் மாதிரி பேசறீங்க, கொஞ்சம் பிரேக் போடுங்க. சட்டம் நல்ல சட்டம்தான். ஆனா இங்க எங்க தெருவுல இருக்கற ரைடர்கிட்ட கேட்டா பாதி பேருக்கு அப்படி ஒண்ணு வந்ததே தெரியல, மீதி பேர் "வந்துருச்சாமே, என்ன சார் குடுப்பாங்க"ன்னு என்னையே கேக்கறாங்க. அசாம், ஒடிசா, நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரி பசங்கதான் நெறைய, கன்னடத்துல வர்ற அறிவிப்ப யாரு படிச்சு சொல்றது. 14 நாள் நோட்டீஸ்னு இருக்கா, அதுக்கு கம்பெனி என்ன பண்ணலாம்னா ஐடிய பிளாக்கே பண்ண வேணாம், ஆர்டர் அனுப்பறத நிறுத்திட்டா போதும். ஆன்லைன்ல பச்சை லைட்டு எரியும், மணிக்கணக்கா ஒண்ணும் வராது, நீங்களே வெறுத்துப் போய் வேற ஆப்புக்கு போயிருவீங்க. எந்தச் சட்டத்துல இத பிடிப்பீங்க?

ராஜஸ்தான் கதையும் தெரியும்ல. 2023 ஜூலைல பாஸ் பண்ணாங்க, டிசம்பர்ல ஆட்சி மாறுச்சு, ரூல்ஸ் போடாம அப்படியே கெடந்துச்சு. நாட்டுக்கே முதல் சட்டம்னு பேப்பர்ல வந்தது ஒண்ணுதான் மிச்சம். அதனால மசோதா எழுதும்போதே ரூல்ஸ் இத்தன மாசத்துக்குள்ள வரணும்னு உள்ளயே எழுதி வெக்கணும்.

வடபழனி_ரைடர்

@ஒயிட்ஃபீல்டு_தமிழன் அந்த பச்சை லைட்டு விஷயம் நூத்துக்கு நூறு உண்மை. அதுக்கு பேரு வெக்கல நாங்க, ஆனா எல்லாருக்கும் தெரியும். இன்சென்டிவ் ஸ்லாப்ல (இத்தன ஆர்டர் முடிச்சா கூடுதல் காசுங்கற டார்கெட்) கடைசி ரெண்டு ஆர்டர் பாக்கி இருக்கும்போது பாருங்க, ராத்திரி பத்தரைக்கு மேல ஜோன்ல எல்லாருக்கும் டிங் டிங்னு வரும், டார்கெட்டுக்கு பக்கத்துல இருக்கறவனுக்கு மட்டும் வராது. வேணும்னே பண்றாங்களா தற்செயலான்னு எங்களால நிரூபிக்க முடியாது, ஏன்னா கணக்கு அவங்ககிட்ட மட்டும்தான் இருக்கு. அதான் சொல்றேன் அந்த தானியங்கி முறை எப்படி வேலை செய்யுதுன்னு கேக்கற உரிமைதான் பெருசு. ஒரு வாரத்துல எனக்கு எத்தன ஆர்டர் வந்துச்சு, அதே ஜோன்ல அதே நேரத்துல சராசரி எவ்ளோன்னு ஒரு ஸ்லிப் குடுத்தா போதும், பச்சை லைட்டு விளையாட்டு அன்னிக்கே வெளிய வந்துரும். சம்பள சீட்டு மாதிரி. பிடித்தம் என்ன, ஏன், எவ்ளோ கிலோமீட்டர், வெயிட்டிங் எத்தன நிமிஷம், எல்லாம் அதுல வரணும்.

ரேட் கார்டும் அப்படித்தான். ஞாயித்துக்கிழமை ராத்திரி ஆப் அப்டேட் ஆகும், திங்கட்கிழமை பாத்தா கிலோமீட்டர் ரேட் மாறியிருக்கும். ஓகே தட்டலன்னா உள்ள போகவே விடாது. அதுக்கு பேரு சம்மதமாம். பெட்ரோல் நூறு ரூபாய், செயின் ஸ்பிராக்கெட், டயர், ஆயில் எல்லாம் எங்க கைக்காசு. போதாததுக்கு சொந்த உபயோகத்துக்குன்னு பதிஞ்ச வெள்ளை போர்டு வண்டில டெலிவரி ஓட்டி மோதிட்டா, நம்ம வண்டி சேதத்துக்கு கேக்கற ஓன் டேமேஜ் க்ளெய்ம்ல வணிகப் பயன்பாடுன்னு இன்சூரன்ஸ்காரன் தகராறு பண்றான். கம்பெனி குடுக்கற இன்சூரன்ஸோ, ஆர்டர் கைல இருக்கும்போது விழுந்தாதான். சாப்பாட குடுத்துட்டு திரும்பி வரும்போது விழுந்தா அது உன் பாடு.

வேளச்சேரி_பார்லர்

எங்களுக்கும் அதே. போகும்போது மட்டும்தான் கவர், வீட்டுக்கு திரும்பும்போது நாங்க யாரோ.

சும்மா_படிப்பேன்

சரி ஒத்துக்கறேன் ஐடி பிளாக் மேட்டர் அநியாயம்தான். ஆனா இந்த குறைந்தபட்ச கூலி எல்லாம் கேட்டா கம்பெனி ஆள கொறைச்சுரும், ஸ்லாட் குடுக்காது. இப்ப நெனச்ச நேரம் லாகின் பண்றீங்கல்ல, அந்த சுதந்திரம் போயிரும்.

தம்புச்செட்டி_வக்கீல்

@சும்மா_படிப்பேன் அந்த பயத்த கம்பெனிங்க எல்லா நாட்டுலயும் சொல்லுவாங்க. இங்கிலாந்துல 2021 பிப்ரவரில ஊபர் டிரைவர்கள் "ஒர்க்கர்" தான், குறைந்தபட்ச கூலியும் சம்பளத்தோட விடுமுறையும் உண்டுன்னு உச்ச நீதிமன்றம் தீர்ப்பு குடுத்துச்சு. அதுக்கப்புறமும் லண்டன்ல ஊபர் ஓடிட்டுதான் இருக்கு. ஆனா நீங்க சொல்றதுல ஒரு பாயிண்ட் இருக்கு: லாகின் பண்ணின மொத்த நேரத்துக்கா, ஆர்டர் ஏத்துக்கிட்ட நேரத்துக்கு மட்டுமா கூலிங்கறதுலதான் உலகம் முழுக்க சண்டை. அத முதல் மசோதாலயே தீக்கணும்னு பிடிவாதம் பிடிச்சா மசோதாவே வராம போகலாம். கிடைக்கிறத முதல்ல வாங்கணும்ங்கறது என் எண்ணம்.

பழைய_யூனியன்

இதுல நான் உடன்பட மாட்டேன் வக்கீல் சார். கூலிய விட்டுட்டு மத்தத வாங்கினா அடுத்த முப்பது வருஷத்துக்கு கூலி பேச்சே வராது. கட்டட வாரியத்துல எங்களுக்கு அதுதான் நடந்துச்சு. நலத்திட்டம் வாங்கினோம், மேஸ்திரிகிட்ட கூலிக்கு இன்னிக்கும் தனித்தனியா சண்டை போட்டுட்டு இருக்கோம். நிதி ஆயோக் 2022 அறிக்கையில 2020-21ல 77 லட்சம் பேரு இந்த வேலையில இருந்ததாவும் 2029-30ல 2 கோடியே 35 லட்சம் ஆகும்னும் போட்டிருந்தாங்க. இத்தன பேருக்கு கூலிச் சட்டம் கெடையாதுன்னா, நாளைக்கு கம்பெனில வேலை பாக்கறவனையும் ஆப்புக்குள்ள தள்ளி விட்டுருவான்.

மதுரை_மெஸ்

ரெண்டு பெரியவங்களும் சண்ட போட்டுக்கங்க, வெயிட்டிங் காசு மட்டும் விட்டுராதீங்க. லாகின் நேரமா ஆர்டர் நேரமான்னு பேசறீங்களே, என் கடை வாசல்ல நிக்கிற நேரம் ஆர்டர் ஏத்துக்கிட்ட நேரம்தானே, அதுல என்னய்யா சந்தேகம் இருக்கு? அதுலேர்ந்து ஆரம்பிங்க.

தம்புச்செட்டி_வக்கீல்

@மதுரை_மெஸ் இது நியாயம். கூலிக்குள்ள நுழைய அதுதான் சுலபமான வாசல்.

வடபழனி_ரைடர்

சரி, எங்க ஜோன் வாட்ஸப் குரூப்ல இத போட்டேன், பசங்க பாதி பேரு படிச்சுட்டாங்க. மனுவா எழுதி தொழிலாளர் துறைக்கும் எங்க தொகுதி எம்எல்ஏ ஆபீஸுக்கும் குடுக்கலாம்னு பேசியிருக்கோம். எல்லாத்தையும் போட்டா எதையும் படிக்க மாட்டாங்க, அதனால இந்த நாலு மட்டும்: எழுத்துல காரணமும் முன்னறிவிப்பும் இல்லாம ஐடிய தொடக்கூடாது, புகார கேக்க கம்பெனில பேர் போட்ட ஒரு ஆள் மாவட்டத்துக்கு ஒருத்தராவது இருக்கணும், வாரா வாரம் முழு கணக்கு ஸ்லிப், கடை வாசல்ல காத்திருக்கற நிமிஷத்துக்கு காசு. செஸ்ஸ யூனியன் ஐயா சொன்னதுக்காக அஞ்சாவதா சேக்கறேன். பார்லர் அக்கா, பாதுகாப்புக்காக பாதியில கிளம்பினா பெனால்டி கூடாதுங்கறத நீங்களே ரெண்டு வரி எழுதி குடுங்க, நாங்க எழுதினா சரியா வராது. வக்கீல் சார் டைம் இருந்தா டிராஃப்ட ஒரு தடவ பாத்து குடுங்க, ஃபீஸ் கேக்காதீங்க.

தம்புச்செட்டி_வக்கீல்

அனுப்புங்க. ஒரே ஒரு விஷயம், மனுவுல கீழ கையெழுத்து போடறவங்க ஐடி நம்பர் போட வேணாம், பேரும் வாரிய கார்டு நம்பரும் போதும். கம்பெனி கைக்கு போனா என்ன ஆகும்னு உங்களுக்கு நான் சொல்லணும்னு இல்ல.

வேளச்சேரி_பார்லர்

எழுதறேன் தம்பி. எங்க குரூப்ல இருக்கற பொண்ணுங்ககிட்டயும் கேட்டு ஞாயித்துக்கிழமைக்குள்ள தர்றேன், சனி ஞாயிறு புக்கிங் ஜாஸ்தி, ராத்திரிதான் உக்கார முடியும்.

கோவை_கணக்கன்

நான் இன்னும் முழுசா ஒத்துக்கலைங்க, செஸ் விஷயத்துல. ஆனா அந்த ஸ்லிப் மேட்டருக்கு என் ஓட்டு உண்டு. கணக்கு காட்டாத கம்பெனிய நான் எங்கயும் நம்பினதில்லீங்க. கோயமுத்தூர்ல கையெழுத்து வாங்கணும்னா சொல்லுங்க, காந்திபுரம், ஆர்.எஸ். புரம் பக்கம் எனக்கு தெரிஞ்ச பசங்க இருக்காங்க.